கருங்கல் பக்கத்து வீட்டுக்கு ஹேட்ச்பேக்கா, செடானா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு கருங்கலில் இருந்து கொஞ்சம் உள்ளே, ரோட்டைவிடத் தாழ்ந்த மனையில். நீங்கள், மனைவி, 8 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முட்டுவலி உள்ள அம்மா. தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வர வேண்டும். மாதம் ஒரு தடவை அம்மாவைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அண்ணன் வளைகுடாவில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு ஏர்போர்ட் ஓட்டம் உண்டு. எல்லாம் சேர்த்து வண்டி ரோட்டில் இறங்க 10 லட்சம். மனைவி ஹேட்ச்பேக் போதும் என்கிறார், அதாவது பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்குகிற பின்கதவு உள்ள வண்டி. அண்ணன் போனில் "செடான் எடு" என்கிறார், அதாவது பின்னால் தனி டிக்கி நீட்டிக்கொண்டிருக்கிற வண்டி.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் 14 வருஷம் இருந்தவன். இரண்டு வகை வண்டியையும் சொந்தமாக வைத்து ஓட்டியிருக்கிறேன். அங்கே பார்த்ததையும், சொந்தமாக அடிபட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் செடான் என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் அண்ணன் மனதில் இருப்பது சிட்டி, வெர்னா மாதிரி நாலரை மீட்டரைத் தாண்டிய வண்டியாக இருக்கலாம். உங்கள் 10 லட்சத்துக்குள் வருவது டிசையர், அமேஸ், ஆரா, டிகோர். காம்பாக்ட் செடான் என்று சொல்கிற இந்த நாலுமே 4 மீட்டருக்கு ஒரு விரல்கடை குறைவாகத்தான் இருக்கும். காரணம் வரி. 2006ஆம் வருஷ மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு மேல் போகாமல், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்கிற கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் ஹேட்ச்பேக்குக்கு ஒரு வால் ஒட்டி, அந்த வாலையும் 4 மீட்டருக்குள் நறுக்கி விற்க ஆரம்பித்தார்கள். இப்போது 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லைக்குள் இருக்கிற காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். எஞ்சின் சின்னதாக இருந்தாலும் நீளம் தாண்டிவிட்டால் தப்ப முடியாது. வெர்டுஸ், ஸ்லாவியா இரண்டிலும் 1 லிட்டர் எஞ்சின் இருக்கிறது, ஆனால் வண்டி நீளம், அதனால் 40தான்.

ஆக உங்கள் முன்னால் இருக்கிற செடான் எவ்வளவு பெரியது? ஹேட்ச்பேக்கான ஸ்விஃப்ட் 3860 மி.மீ. நீளம், டிசையர் 3995. வித்தியாசம் பதின்மூன்றரை சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டிலும் ஒன்றேதான், 2450. பலேனோவை எடுத்துக்கொண்டால் அது ஹேட்ச்பேக், ஆனால் நீளம் 3990. கார் ஷெட்டில் நிறுத்தினால் பலேனோவும் டிசையரும் பிடிக்கிற இடம் ஒன்றுதான். "செடானைத் திருப்ப முடியாது, நிறுத்த முடியாது" என்று உங்கள் மனைவி பயப்படுவது நாலரை மீட்டர் வண்டிக்குச் சரி, டிசையருக்குப் பொருந்தாது. டிசையர் திரும்பும் ஆரம் 4.8 மீட்டர், ஸ்விஃப்டுக்கும் அதேதான்.

சரி, அப்போ இரண்டும் ஒன்றுதானா என்றால் இல்லை. சாண்கூட இல்லாத அந்த வால் நம்ம ஊரில் வேலை காட்டுகிற இடம் உங்கள் வீட்டு இறக்கம்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் சமதளமான மனை கிடைப்பதே அதிர்ஷ்டம். ஒன்று ரோட்டுக்கு மேலே படி ஏறிப்போகிற வீடு, இல்லையென்றால் உங்கள் வீடு மாதிரி கீழே. ரோட்டில் இருந்து முற்றத்துக்கு ஒரு காங்கிரீட் சரிவு போட்டிருப்பார்கள். அதைப் போடும்போது வீட்டில் பைக் மட்டும்தான் இருந்திருக்கும், அதனால் சரிவு செங்குத்தாக இருக்கும். முற்றத்தில் இருந்து நீங்கள் ரோட்டுக்கு ஏறும்போது, முதலில் முன் பம்பரின் அடி சரிவில் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அது தப்பினாலும், பின் சக்கரம் சரிவில் மிதித்து ஏறத் தொடங்குகிற நொடியில் வண்டியின் வால் தாழும். வால் நீளமாக இருந்தால் பின் பம்பரின் அடி முற்றத்தில் உரசும். மேலே ரோட்டு விளிம்பைத் தாண்டும்போது வயிறு தட்டும். வயிறு தட்டுவது சக்கர இடைவெளியையும் தரை உயரத்தையும் பொறுத்தது, அதனால் ஸ்விஃப்டும் டிசையரும் அதில் சமம். வால் உரசுவதில்தான் செடான் தோற்கும்.

கம்பெனிகள் சொல்லும் தரை உயரம் ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் 163 மி.மீ., பலேனோவுக்கு 170, அமேஸுக்கு 172. இந்த எண்களைப் பார்த்து ரொம்ப யோசிக்க வேண்டாம். ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியும் நிறைந்தால் பின்பக்கம் நன்றாகவே இறங்கிவிடும். செடானில் அந்தச் சாமான் பாரம் பின் சக்கரத்துக்கும் பின்னால் போய் உட்காருகிறது, அதனால் இறக்கம் இன்னும் கூடும். நான் முன்பு வைத்திருந்த நாலரை மீட்டர் செடானின் பின் பம்பர் கிளிப்பை ஒரே வருஷத்தில் மூன்று தடவை மாற்றினேன். மூன்றும் எங்கள் வீட்டு இறக்கத்தில்தான். வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, சரிவு போட்டவன் நான்.

இதில் இன்னொரு சங்கதி. நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. வருஷத்தில் பாதி நாள் அந்தக் காங்கிரீட்டில் பாசி இருக்கும். நீங்கள் பார்க்கிற எல்லாக் காருமே முன் சக்கரத்தில் இழுக்கிறவை. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும், முன் டயருக்குப் பிடி குறையும், பாசியில் சும்மா சுற்றும். டிக்கி நிறைந்த செடானில் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதற்கு மருந்து வண்டி மாற்றுவதல்ல. ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, சரிவு முற்றத்தைத் தொடுகிற அந்த மூலையை வளைவாக நிரப்பி, குறுக்கே வரி வரியாகக் கீறல் போட்டு விடுங்கள். சரிவைக் கொஞ்சம் நீட்ட இடம் இருந்தால் நீட்டுங்கள். இரண்டு நாள் வேலை. வண்டி புக் பண்ணுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஷெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாழ்ந்த தகர ஷெட் என்றால் ஹேட்ச்பேக்கின் பின்கதவு மேலே தூக்கும்போது தகரத்தில் இடிக்கும். பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினால் அந்தக் கதவு பின்னால் வளைந்து எழும்ப இடம் வேண்டும். செடானின் டிக்கி மூடியோ இருந்த இடத்திலேயே எழும்பிவிடும்.

அடுத்தது அம்மா. இதில் ஹேட்ச்பேக், செடான் என்ற கேள்வியே கிடையாது, இருக்கையின் உயரம்தான் கேள்வி. முட்டு மடக்க வலிப்பவர்களுக்கு, இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். தாழ இருந்தால் பள்ளத்தில் விழுகிற மாதிரி, இறங்கும்போது இரண்டு பேர் தூக்க வேண்டும். உயரமான ஹேட்ச்பேக்கான வேகன்ஆர் 1675 மி.மீ. உயரம். டிசையர் 1525, ஸ்விஃப்ட் 1520, அமேஸ் 1500. பெரிய செடான்களில் வெர்னா 1475. பெரிய செடான் வாங்கினால் அம்மாவுக்குச் சுகம் என்று அண்ணன் நினைக்கிறார் பாருங்கள், உட்கார்ந்த பிறகு சுகம்தான், உட்காருவதுதான் கஷ்டம். செடானின் கூரை பின்னால் சரிந்து வருவதால் பின்கதவில் தலையையும் குனிய வேண்டும்.

வேகன்ஆரைப் பலரும் உங்களுக்குச் சொல்வார்கள். உயரம் நல்லது, 3655 மி.மீ. நீளத்துக்குள் 341 லிட்டர் டிக்கி, பலேனோவின் 318ஐவிட அதிகம். ஆனால் 2023இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் அதற்குக் கிடைத்தது ஐந்துக்கு 1 நட்சத்திரம். அதற்குப் பிறகு 6 ஏர்பேக் கொடுத்துவிட்டார்கள், இருந்தாலும் மாதாமாதம் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகிற குடும்பத்துக்கு நான் அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆடிக்காற்றில் முப்பந்தல் பக்கம் உயரமான, எடை குறைந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தே ஆக வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் உங்களுக்கு அதிகம் போக்கில்லை என்றால் இதை விட்டுவிடலாம்.

இனி டிக்கி. நம்ம மாவட்டத்தில் டிக்கி என்றாலே ஏர்போர்ட். வெளிநாட்டில் இருந்து ஆள் வருகிறார் என்றால் ஒருவருக்கு இரண்டு பெரிய பெட்டி, கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி, கையில் ஒரு பை. கூட்டிவரப் போவதோ முழுக் குடும்பமும். என் மைத்துனன் வந்தபோது நான் ஹேட்ச்பேக்கில் நாலு பேரோடு போனேன். அவன் மனைவியையும் சேர்த்துக் கூட்டி வந்திருந்தான். கடைசியில் பெட்டிகளை ஒரு டாக்சியில் ஏற்றி, பெட்டிக்குத் துணையாக என்னை அதில் உட்கார வைத்தார்கள். என் வண்டியை வேறொருவர் ஓட்டி வந்தார்.

கணக்கு இதுதான்: ஸ்விஃப்ட் 265 லிட்டர், ஐ20 311, அல்ட்ராஸ் 345. டிசையர் 382, ஆரா 402, அமேஸ் 416, டிகோர் 419. ஒரு பெரிய பெட்டி சுமார் 100 லிட்டர் என்று வைத்தால், காம்பாக்ட் செடானில் மூன்று பெட்டிக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் போகும், ஸ்விஃப்டில் இரண்டுக்கே பின்தட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆனால் செடான் டிக்கிக்கு வாய் சின்னது. உள்ளே இடம் இருந்தாலும், டி.வி. பெட்டி மாதிரி உயரமான ஒன்று வாய்க்குள் நுழையாது. டிசையர், அமேஸ் இரண்டிலும் பின் இருக்கையின் முதுகும் மடங்காது. ஹேட்ச்பேக்கில் இருக்கையை மடக்கினால் ஏத்தங்குலை, பிள்ளைகளின் சைக்கிள், மடக்குக் கட்டில் எல்லாம் படுத்துப் போகும். உங்களுக்கு விளையும் (தோட்டம்) இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாரம்தோறும் குலையோ தேங்காயோ ஏற்ற வேண்டியிருந்தால் ஹேட்ச்பேக் பக்கம் சாயலாம். வருஷத்துக்கு நாலு தடவைதான் என்றால் சுமை ஆட்டோவைக் கூப்பிடுங்கள், புது வண்டியில் வாழைக்கறை பட்டால் அது போகவே போகாது.

யாரும் சொல்லாத ஒன்று சொல்கிறேன். மீன். குளச்சலிலோ முட்டத்திலோ மீன் வாங்கி ஹேட்ச்பேக்கின் பின்னால் வைத்தால், அது உங்கள் பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் ஒரு முழத்தில் இருக்கிறது. இடையில் ஒரு மெல்லிய தட்டு மட்டும். ஏ.சி. போட்டு வீடு வந்து சேர்வதற்குள் சின்னவன் வாந்தி எடுப்பான். செடானில் டிக்கி தனி அறை, வாடை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். பழுத்த சக்கைக்கும் (பலாப்பழம்) இதுவேதான். சிரிக்காதீர்கள், வொர்க்‌ஷாப்பில் இருக்கை கழற்றிக் கழுவ வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் மீன்தண்ணி கேஸ்தான். கம்பளத்துக்கு அடியில் இறங்கிய உப்புத்தண்ணி தகரத்தையும் தின்னும். எந்த வண்டி எடுத்தாலும் டிக்கியில் விளிம்பு உயர்ந்த ஒரு ரப்பர் தட்டுப் போடுங்கள்.

சி.என்.ஜி., அதாவது சிலிண்டரில் அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடுகிற வண்டி யோசனை இருந்தால் டிக்கிக் கணக்கு முழுக்க மாறும். ஸ்விஃப்டிலும் டிசையரிலும் சிலிண்டரே டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், அப்புறம் செடான் வாங்கிய காரணமே போய்விடும். டாடா வண்டிகளில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னதைத் தரைக்கு அடியில் வைக்கிறார்கள், அதில் பெட்டி வைக்கிற அளவுக்கு இடம் மிஞ்சும். தினமும் நாகர்கோவில் ஓட்டத்துக்கு சி.என்.ஜி. லாபம்தான், போகிற வழியில் பங்க் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் மைலேஜ் வித்தியாசம் தேட வேண்டாம். மேனுவல் கியரில் கம்பெனிக் கணக்குப்படி லிட்டருக்கு ஸ்விஃப்ட் 24.8 கி.மீ., டிசையர் 24.79. மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் இரண்டும் ஒரே மாதிரித்தான் குடிக்கும்.

மழையில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் சட்டென்று வெட்டின மாதிரி முடிவதால், ஓடும்போது அங்கே காற்று சுழன்று சேற்றைக் கண்ணாடியில் அப்பும். அதனால்தான் அதற்குப் பின் வைப்பர். விலை குறைந்த வேரியண்டில் அந்த வைப்பர் இருக்காது, பார்த்து எடுங்கள். செடானின் பின்கண்ணாடியில் அவ்வளவு சேறு படியாது.

மோதல் பாதுகாப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது வண்டியின் உருவத்தால் வருவதில்லை. டிசையருக்கு 2024இல் குளோபல் என்கேப் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் கொடுத்தது, ஹேட்ச்பேக்கான அல்ட்ராஸுக்கு 2020இலேயே 5 கிடைத்தது. உங்களுக்கு முக்கியம் 4 வயதுக் குழந்தையின் இருக்கை. அதைப் பின் இருக்கையில் குழந்தை இருக்கைக்கென்றே இருக்கிற ஐசோஃபிக்ஸ் கொக்கியில் ஒரு ஓரத்தில் மாட்டினால், மீதி இடத்தில் பெரியவளும் உங்கள் மனைவியும் உட்கார வேண்டும், அம்மா முன்னால். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் சட்டப்படி 1000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்துக்காக இல்லாமலே இதைச் செய்யுங்கள். நடு இருக்கையில் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, கால் வைக்கிற இடத்தில் தரையில் உள்ள மேடு எவ்வளவு இடைஞ்சல் என்று ஷோரூமில் உட்கார்ந்தே பாருங்கள். டிசையரின் பின் இருக்கையில் ஸ்விஃப்டைவிட முட்டுக்கு இடம் கூடுதல், அதுவும் உட்கார்ந்தால் உடனே தெரியும்.

பணத்தில் இரண்டு விஷயம். ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் ஒரே மாதிரி வேரியண்டில் வித்தியாசம் அரை லட்சத்தைச் சுற்றித்தான். அண்ணன் "கொஞ்சம் நான் தருகிறேன், பெரியதாக எடு" என்று சொன்னால், தமிழ்நாட்டு சாலை வரியைக் கணக்கில் வையுங்கள். 2023 நவம்பரில் மாறிய விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10ஐத் தாண்டி 20 லட்சம் வரை 18. 9.9 லட்ச வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.1 லட்ச வண்டிக்குச் சுமார் 1.82 லட்சம். 20,000 ரூபாய் விலை கூடியதற்கு வரி 50,000க்கு மேல் கூடுகிறது. விற்பனைப் பையன் "ஒரு வேரியண்ட் மேலே போங்க சார்" என்று சொல்லும்போது இதைத்தான் சொல்லாமல் விடுவான். ரோட்டில் இறங்க 10 லட்சம் என்றால் நீங்கள் தேட வேண்டியது எட்டரை லட்சத்தைச் சுற்றிய ஷோரூம் விலை.

பழைய வண்டி யோசித்தால், காம்பாக்ட் செடான்களில் டாக்சியாக ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறியவை சந்தையில் நிறைய உண்டு. ஆர்.சி.யின் பழைய விவரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். "செடான்னா ஒரு மதிப்பு" என்ற பேச்சும் நம்ம ஊரில் உண்டு, பெண்ணுக்குக் காரும் சேர்த்துக் கொடுத்த காலத்தில் வந்த பழக்கம் அது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிசையர் அல்லது அமேஸ் எடுப்பேன். மாதாமாதம் ஐந்து பேர் திருவனந்தபுரம் போகிறீர்கள், அம்மாவின் ஸ்கேன் கவர், மருந்துப் பை, பிள்ளைகளின் பை எல்லாம் காலுக்கடியில் கிடக்காமல் டிக்கிக்குப் போகும். சரிவைச் சரிசெய்ய முடியாது என்று கொத்தனார் சொல்லிவிட்டாலோ, அம்மா டிசையரில் ஏற முடியவில்லை என்றாலோ அல்ட்ராஸையோ பலேனோவையோ பாருங்கள், ஏர்போர்ட் நாளுக்கு மட்டும் பெட்டிக்கு ஒரு டாக்சி சொல்லிக்கொள்ளலாம். பெரிய செடான் உங்களுக்கு வேண்டாம்.

மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறுகிற ஏ.எம்.டி. வசதிதான், ஆனால் உங்கள் ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்து ஏறும்போது அது திக்கித் திக்கிப் போகும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிற ஹில் ஹோல்ட் இருக்கிற வேரியண்டாகப் பாருங்கள், அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலும் வருவார்கள். அம்மா சேலை கட்டியபடி, யாரும் பிடிக்காமல் ஏறி இறங்கட்டும். ஐந்து பேரும் உட்காருங்கள், டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையை வைத்து, அந்தச் சரிவில் ஏறுங்கள். ஒருவர் வெளியே நின்று பின் பம்பரின் அடியைப் பார்க்கட்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது.